ஐப்பசிக்கு முன்னே கூரையைப் பாருங்கள்

ஒழுகுகின்ற வீட்டில் ஓர் இரவேனும் படுத்தவர்களுக்கு மழையின் ஓசை இனிப்பதில்லை. நள்ளிரவில் முதற் சொட்டு நெற்றியில் விழும். பாயைச் சற்றே நகர்த்திக்கொண்டு மீண்டும் படுப்போம். பத்து நிமிடத்தில் அடுத்த சொட்டு காலில் விழும். பிறகு குடும்பமே எழுந்து, சட்டி பானைகளை ஆங்காங்கே பரப்பிவிட்டு, பிள்ளைகளின் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கும். மறுநாள் வெயில் எறித்ததும் இந்த வேதனை முழுவதும் மறந்துபோகிறதே, அதுதான் விந்தை!

புரட்டாதி மாதமொன்றில், மாத்தளை நகருக்கு மேற்கேயுள்ள யட்டவத்தயில், ஓய்வுபெற்ற ஆசிரியரான நம் நண்பரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். சுற்றிலும் மிளகுக் கொடியும் பலாவும் கொக்கோவும் நிழல் செய்கின்ற பழைய ஓட்டு வீடு அது. நாம் சென்ற வேளையில் அவர் கதவு சன்னல்களையெல்லாம் பட்டப்பகலில் அடைத்துவிட்டு, இருளில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாருங்கள், வாருங்கள்! நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

மெய்தான். இருட்டிய வீட்டினுள் ஓடுகளின் இடுக்கு வழியே ஏழெட்டு ஒளிப்புள்ளிகள் மின்னின. ஒளி புகும் இடத்தில் நீரும் புகும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் இட்டுக்கொண்டார். ஏணி வேண்டாம், செலவு வேண்டாம், அரைமணி நேரம் போதும்.

ஆயினும், சொட்டு விழுகின்ற இடமே ஓட்டை இருக்கின்ற இடமென்று எண்ணுவது பெருந்தவறு. மேலே புகுந்த நீர் கைமரத்தின் அடிப்புறமாகவே பல அடி தூரம் ஓடி, ஏதேனுமொரு கணுவிலோ ஆணியிலோ தங்கி, அங்கிருந்துதான் கீழே விழும். ஆகவே மரத்திலுள்ள கறையைப் பின்பற்றி மேல்நோக்கிச் செல்லவேண்டும். தேநீர் நிறத்தில் வளையம் வளையமாகப் படிந்திருக்கும் கறை பழைய ஒழுக்கைக் காட்டும்; கறுத்து ஈரமாயிருப்பது புதியது. நண்பர் ஒரு திருப்புளியால் கைமரங்களை ஆங்காங்கே குத்திப் பார்த்தார். நல்ல மரம் முனையை ஏற்காது. ஒரு மரத்தில் மட்டும் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. கறையான்! வெளியே வண்ணம் மாறாதிருந்த அந்த மரம் உள்ளே வெறும் கூடாயிருந்தது.

ஓடுகள் நகர்ந்ததற்குக் காரணம் கேட்டோம். "குரங்குகள்" என்றார் ஒரே சொல்லில். 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில், ஐந்து நிமிட நேரம், நாடெங்கும் குரங்கு, மரஅணில், மயில் முதலியவற்றைக் கணக்கெடுத்தார்களல்லவா? அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் மாத்தளைப் பகுதியில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களாக இருந்திருக்கமாட்டார்கள்.

நண்பரின் தங்கை கனடாவில், டொரொன்டோ நகரில் வசிக்கிறார். அவரும் குளிர்காலம் வருமுன்னே கூரையைப் பார்ப்பிக்கிறாராம். அங்கே பனி கூரைமேல் பொதியாகக் குவிகிறது. வீட்டினுள் மூட்டிய வெப்பம் கூரைக்கு ஏறி, அடியிலுள்ள பனியை உருக்குகிறது. உருகிய நீர் இறவாணம்வரை ஓடிவந்து, அங்கே கீழிருந்து வெப்பம் கிடையாமையால் மீண்டும் உறைந்து அணைபோல் நின்றுவிடுகிறது. பின்வரும் நீர் போக வழியின்றிக் கூரைத் தகடுகளின் அடியில் புகுந்து, சுவர் வழியே வீட்டுக்குள் இறங்குகிறது.

பனிக்கட்டியையே காணாத நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நண்பரின் வீட்டுப் பீலியில் கையை விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. பலாச் சருகும் கொக்கோ இலையும் மக்கி, ஒரு முழ நீளத்திற்கு அணை கட்டியிருந்தன; அதன்மேல் ஒரு சிறு செடிகூட முளைத்திருந்தது! அங்கே பனி செய்வதை இங்கே சருகு செய்கிறது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் நீர். 40 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 4,000 லீற்றர். அவ்வளவும் அந்த ஒரு பீலி வழியாகப் போகவேண்டும்.

மாலையில் அவர் எம்மைச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு தோட்ட லயத்திற்கு அழைத்துச் சென்றார். நீண்ட ஒரே தகரக் கூரை. அதன்கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். கூரைமேல் கருங்கற்களும் பழைய டயர்களும் ஏற்றப்பட்டிருந்தன. இஸ்தோப்பில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி, "மாஸ்டர் ஐயா, ஓட்டை எங்க காம்பராவுக்கு மேல இருக்கு. தண்ணி விழுறது பக்கத்து வீட்டுல. அவங்க எங்களைப் பேசுறாங்க. நாங்க யாரைப் பேசுறது?" என்றார்.

அந்தக் கேள்வியை நாம் இன்றளவும் மறக்கவில்லை. சுவர் ஒவ்வொருவருக்கும் தனி. கூரையோ எல்லாருக்கும் ஒன்று. உடைமை தோட்டத்தினுடையது; நனைவது குடியிருப்பவர். ஒருவர் தம் காம்பராவின் மேற்பகுதியை மட்டும் புதுத் தகரத்தால் மூடினால், பழையதும் புதியதும் சேருமிடத்தில் மேற்படிவு சரியாக அமையாது, அயல் வீட்டில் புதிய ஒழுக்கு தோன்றும். தகடுகள் பக்கவாட்டில் ஒன்றரை நெளிவாவது ஒன்றன்மேலொன்று படியவேண்டும். மேல் கீழாக அரை அடியேனும் வேண்டும்.

நெளிதகரம் இங்கிலாந்தில் 1829 ஆம் ஆண்டு ஹென்றி பாமர் என்பவரால் உரிமை பெறப்பட்டது. அதற்குத் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837 இல் பிரான்சில் சொரெல் என்பவர் உரிமை பெற்றார். அந்தப் பூச்சு உள்ளவரைதான் தகரத்திற்கு ஆயுள். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் தகடு தன் ஆணித் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும். ஆகையால் பார்க்கவேண்டியது முதலில் ஆணித் தலைகளை. ஆணியோ திருகாணியோ நெளிவின் மேட்டில் இருக்கவேண்டும். நீரோடும் பள்ளத்தில் அன்று. அடியில் இறப்பர் வளையமும் வேண்டும்.

கல் ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கூரையைக் காற்று அமுக்குகிறதென்று பலர் நினைக்கின்றனர். வேகமாக மேலே கடக்கும் காற்று கூரையைத் தூக்குகிறது. இறவாண ஓரத்திலும் முகட்டிலும் அந்த இழுவை மிகுதி. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரைகள் பறந்ததை முதியோர் இன்றும் சொல்வார்கள். பெருங்காற்றில் தகரம் கிளம்பினால், மேலிருந்த கல் எங்கே விழும்? தகரத்தைச் சட்டத்தோடும், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர்த் தலையிலுள்ள வளையோடும் கம்பியால் இறுகப் பிணைப்பதே தக்கது.

அந்த லயத்தின் ஒரு மூலையில் அஸ்பெஸ்டஸ் தகடுகளும் இருந்தன. பழகிய இத்தகடு உறுதியானதுபோல் தோன்றும். ஆனால் பாசி பிடித்து நைந்தபின் ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது, முன்னறிவிப்பின்றி உடையும். ஏறியே தீரவேண்டுமாயின் சட்டங்களுக்குக் குறுக்கே பலகையிட்டு, அதன்மேல்தான் நகரவேண்டும். கீழே ஒருவர் நிற்கவேண்டும். ஈரநாளில் ஏறவே கூடாது. இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. உலர்ந்த நிலையில் சுரண்டினாலும் அறுத்தாலும் பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளின் பின் புற்றுநோய் தரவல்லது. நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. வெள்ளையையும் 2018 முதல் தடுக்கத் தீர்மானித்திருந்தனர். 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று ரஷ்யா நமது தேயிலையை நிறுத்திற்று. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. நமது தடை தள்ளிவைக்கப்பட்டது, தேயிலையும் மீண்டும் கப்பலேறிற்று. கொழுந்து பறிப்பவரின் தலைக்கு மேலுள்ள கூரைக்கும் அவர் பறித்த கொழுந்துக்கும் இப்படியுமோர் உறவு!

எவ்வளவு செம்மையான கூரையும் மலை சரிந்தால் காக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை மாவட்டத்திலும் இதைக் காட்டிவிட்டுப் போயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் விழிப்பையும், 100 என்றால் ஆயத்தத்தையும், 150 என்றால் வெளியேறுவதையும் சொல்கிறது. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரம் ஒன்றை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளே இக்கணக்கைச் சொல்லிவிடுவார்கள். சுவரில் புதிய வெடிப்போ, மேட்டிலிருந்து கலங்கிய நீரோ காணப்பட்டால் அளவு பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

நாம் விடைபெறும்போது லயத்தார் ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். ஆண்டுதோறும் தீபாவளிக்கென்று ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது வழக்கம். அவ்வாண்டு அதற்கு முந்திய ஞாயிறன்று எல்லா வீட்டாரும் சேர்ந்து கூரையைப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள். மாஸ்டர் தம் வீட்டுச் சுண்ணக்கட்டியையும் ஏணியையும் தருவதாக ஒப்புக்கொண்டார். மூதாட்டி மட்டும், "முதல்ல அந்த வீட்டுப் பிள்ளை படிக்கிற மூலையைப் பாருங்க" என்று அயல் காம்பராவைச் சுட்டிக் காட்டினார்.