துளைதான் சரக்கு

நான்-ஸ்டிக் தவாவில் தோசை ஒட்டாமல் காக்கும் டெஃப்லான் பூச்சும், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக நோயாளியின் கையில் தோலுக்கடியில் பதிக்கப்படும் செயற்கைக் குழாயும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள்: பாலிடெட்ராஃபுளுரோஎதிலீன். 1938-இல் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், வாயு வராமல் போன ஓர் உருளையை அறுத்துப் பார்த்தபோது கிடைத்த வெள்ளைப் பொடி அது. பூச்சுக்கும் குழாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு குழாயின் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம். கண்டுபிடிப்பு என்றால் புதுப்பொருள் என்று எண்ணிப் பழகிவிட்டோம். நுண்துளை இழைப் பொருள்களிலோ, மனிதன் புதிதாகச் செய்தது பெரும்பாலும் துளையைத்தான்.

1969-இல் அமெரிக்காவின் டெலவேரில் பாப் கோர் இந்தப் பிளாஸ்டிக் கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார், அவை அறுந்தன. ஒரு கட்டத்தில் வெடுக்கென்று இழுத்தார். கம்பி சுமார் 800 சதவீதம் நீண்டது, தடிமனோ அதிகம் குறையவில்லை. கூடிய இடத்தை நிரப்பியது காற்று: ஏறக்குறைய 70 சதவீதம். நுண்ணோக்கியில் பார்த்தால் சிறு கணுக்கள், அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகள், நடுவே இடைவெளிகள். இதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அவர் தேடியதே காற்றைத்தான்: பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பில் பிளாஸ்டிக்கைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவதே நோக்கம். அதோடு, நியூசிலாந்தில் ஜான் குரோப்பர் 1966-இலேயே இதை இழுத்து நாடாவாக்கும் இயந்திரம் செய்து ரகசியமாக வைத்திருந்தார் என்பது பிற்காலக் காப்புரிமை வழக்கில் வெளிவந்தது. இரண்டு பேர் தனித்தனியே வந்து சேர்ந்த இடத்தை முழுக்க அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

துளையின் அளவு மாறினால் வேலையே மாறுகிறது. மழைக்கோட்டுக்கு மைக்ரானுக்கும் குறைந்த துளைகள் போதும்; தண்ணீர் இந்தப் பிளாஸ்டிக்கை நனைப்பதில்லை, அதனால் மழைத்துளி அந்தத் துளைகளுக்குள் புக முடியாது, வியர்வையின் ஆவி மட்டும் வெளியேறும். வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் அதுவும் மந்தம்தான், விளம்பரங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. ரத்தக்குழாய்க்கு வேண்டியது வேறு. கணுக்களுக்கிடையே சுமார் 30 மைக்ரான் இடைவெளி விட்டால் உடலின் திசு சுவருக்குள் வேரோடி அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் வெளியே கசிவதில்லை. பொருள் அதேதான்.

அப்படியானால் பொருளுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. பருத்தித் துணியிலும் துளைகள் நிறைய, ஆனால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பாப் கோரின் இழுத்த பிளாஸ்டிக்கால் ஆன தொடக்கக்கால கோர்-டெக்ஸ் ஆடைகளில் உடலின் எண்ணெய்ப்பசை படிந்தபின் நீர் கசிந்ததால், மெல்லிய பாலியூரித்தேன் பூச்சும் தேவைப்பட்டது. இன்னும் கனமான ஆட்சேபம் சூழலிலிருந்து வருகிறது: ஃபுளுரின் பிணைந்த இந்த வகை வேதிப்பொருள்கள் எளிதில் சிதைவதில்லை, தயாரிப்பில் பயன்பட்ட துணைப்பொருள்கள் சில இடங்களில் குடிநீர் வரை போய்விட்டன. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைத்த பதிலைக் கவனிக்க வேண்டும். கோர்-டெக்ஸ் செய்யும் அதே நிறுவனம் 2022 முதல் ஃபுளுரின் இல்லாத பாலிஎதிலீனை இழுத்துச் செய்த சவ்வை ஆடைகளில் விற்கிறது. பொருள் போனது, துளை தங்கிவிட்டது.

உடலுக்குள் இந்த வாதம் அவ்வளவு எளிதில் செல்லுபடியாவதில்லை. 6 மில்லிமீட்டருக்கும் குறுகலான செயற்கைக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். அங்கே துளையைச் சரிசெய்தால் மட்டும் போதாது. ரத்தம் உரசும் உட்புறத்தில் உடலின் சொந்தச் செல்கள் படர்ந்து மூட வேண்டும், அவை தானாக அவ்வளவு தூரம் வருவதில்லை. உடலில் மெல்லக் கரையும் நுண்ணிழைகளை மின்புலத்தில் நூற்று, அவற்றில் செல்களை வளர்க்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. இதய பைபாஸ் செய்யும் மருத்துவர்களோ இன்றும் பெரும்பாலும் நோயாளியின் காலிலிருந்தோ நெஞ்சிலிருந்தோதான் ரத்தக்குழாயை எடுக்கிறார்கள்.