உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கு முன்னால் மீர்கேட்!

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள ராயல் சில்ட்ரன்ஸ் மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகள், டாக்டரைப் பார்க்குமுன் மீர்கேட்டுகளைப் பார்த்துவிடலாம். 2011-ல் திறந்த புதிய கட்டடத்தில், கண்ணாடிக்கு அப்பால் அவை குடும்பமாக வசிக்கின்றன. மெல்பர்ன் மிருகக்காட்சிசாலையின் துணையோடு நடக்கும் ஏற்பாடு இது. இரண்டு மாடி உயரப் பவளப்பாறை மீன்தொட்டியும் உண்டு.

மீர்கேட்டுகளையும் அவற்றின் மண்ணையும் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கும் அந்தக் கண்ணாடி, மருத்துவமனையில் தரும் பாதுகாப்பு சாதாரணமானதல்ல. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்கு மண்ணிலுள்ள ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகூட ஆபத்து. புற்றுநோய் வார்டுகள் பலவற்றில் பூந்தொட்டிக்கே அனுமதி இல்லை.

மீர்கேட், நம்மூர்க் கீரிக்குச் சொந்தம். பூர்வீகம், தென்னாப்பிரிக்கப் பகுதியின் வறண்ட நிலங்கள். கூட்டம் இரை தேடும்போது ஒன்று மட்டும் பின்னங்காலில் நிமிர்ந்து நின்று காவல் காக்கும். குட்டிகளுக்கு வேட்டைப் பாடமும் நடக்கும்: முதலில் செத்த தேள், அடுத்து கொடுக்கு பிடுங்கிய தேள், நன்றாகத் தேறியபின் கொடுக்கோடு உயிருள்ள தேள். (ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சொல்லத் தோதான கதை!) பெரியவை இப்படிக் குட்டிகளுக்கு உண்மையிலேயே ‘பாடம் நடத்துகின்றன’ என்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் சயின்ஸ் இதழில் நிறுவினார்கள்.