கேக்குக்கும் தூண் வேண்டும்

பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்குகளை நின்று பார்த்திருப்பீர்கள். ஒன்று கார் போல இருக்கும். ஒன்று பொம்மைப் பெண் போல இருக்கும். அவள் பாவாடை முழுவதும் ரோஜாப் பூ. கல்யாண கேக் என்றால் மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்று நிற்கும்.

கேக் மெத்தென்ற பண்டம். விரலால் அழுத்தினால் அமுங்கும். அது எப்படி நான்கு அடுக்கு நிற்கிறது? கார் ஏன் சரிந்து விழவில்லை?

கொத்தனாரிடம் கேட்டால் சொல்வார்: "சுமை எங்கே இறங்குகிறது என்று பார்." கேக் வேலையிலும் இதே கேள்விதான். பூவும் கோலமும் அப்புறம். முதலில் கேக் நிற்க வேண்டும்.

கேக் வெளிநாட்டிலிருந்து வந்த பண்டம். ஆனால் நம் நாட்டுக் கைகள் அதை எப்போதோ கற்றுக்கொண்டன. கேரளத்தில் தலசேரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே மாம்பள்ளி பாபு என்பவர் பிஸ்கட் தொழில் நடத்தினார். 1883ஆம் ஆண்டு மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி அவரிடம் வந்தார். இங்கிலாந்தில் செய்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் கொடுத்தார். "இதைப் போலச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாபு முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அச்சு வேண்டுமே! தர்மடத்தில் ஒரு கொல்லரிடம் சொல்லி அடித்து வாங்கினார். பிரவுன் பிராந்தி சேர்க்கச் சொல்லியிருந்தார். பாபு உள்ளூர்ப் பழங்களில் வடித்த சாராயத்தைச் சேர்த்தார். கேக் பிரவுனுக்குப் பிடித்துப்போயிற்று. இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார். தலசேரியில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தவர் அந்தக் கொல்லர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அச்சு இல்லாவிட்டால் கேக் ஏது?

இன்று இந்த வேலை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. பெங்களூரில் ஆண்டுதோறும் டிசம்பரில் கேக் கண்காட்சி நடக்கிறது. 2024இல் நடந்தது 50ஆவது கண்காட்சி. கோட்டை, கோபுரம், விலங்கு எல்லாம் அங்கே சர்க்கரையில் நிற்கும். புனே நகரில் பிராச்சி தபல் தேப் என்ற பெண் இருக்கிறார். இத்தாலி நாட்டில் மிலான் நகரத்துப் பேராலயம் புகழ் பெற்றது. அதன் சாயலில் 100 கிலோ எடையுள்ள மாளிகையை அவர் சர்க்கரையில் கட்டினார். முட்டை சேர்க்காத ஐசிங்கில் செய்தார். 2022இல் அது சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

இவை பார்ப்பதற்கான வேலைகள். கண்காட்சியில் நிற்கும் பல உருவங்களுக்குள் கேக்கே இருக்காது. நாம் செய்யப்போவது சாப்பிடும் கேக். அது அழகாகவும் இருக்க வேண்டும். ருசியாகவும் இருக்க வேண்டும். வாங்கியவர் வீடு போய்ச் சேரும்வரை விழாமலும் இருக்க வேண்டும்.

எந்த கேக்கைச் செதுக்கலாம்?

கிரீம் கேக்குக்கு மெத்தென்ற ஸ்பஞ்ச் கேக் போதும். அதைச் செதுக்கப் போனால் உதிர்ந்துவிடும். உருவம் செதுக்கக் கொஞ்சம் கனமான கேக் வேண்டும். வெண்ணெய் கேக் நல்லது. அதன் கணக்கு சுலபம். மைதா 250 கிராம், சர்க்கரை 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், முட்டை 5. ஓடு இல்லாமல் நிறுத்தால் 5 முட்டையும் ஏறக்குறைய 250 கிராம் வரும். நாலும் சம எடை. இதற்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்க்க வேண்டும். வாசனைக்குக் கொஞ்சம் வெண்ணிலா எசன்ஸ்.

வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடியுங்கள். முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றி அடியுங்கள். மைதாவைப் பேக்கிங் பவுடரோடு சலித்துச் சேருங்கள். மைதா சேர்ந்த பிறகு வேகமாக அடிக்கக் கூடாது. கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஓவனில் 170 டிகிரி சூடு வையுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குச்சியால் குத்திப் பாருங்கள். ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஓவன் இல்லையா? பிரஷர் குக்கரில் உப்பைப் பரப்பி அதன் மேல் தாங்கி வைத்தும் செய்கிறார்கள். அப்போது கேஸ்கட்டும் விசிலும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

ஒரு தராசு மட்டும் வாங்கிவிடுங்கள். "கண் அளவு போதும்" என்பது சாம்பாருக்குச் சரி. கேக்குக்குச் சரிவராது.

சூடான கேக்கில் கத்தி வைக்காதீர்கள். நன்றாக ஆறட்டும். மூடிக் குளிர்ப்பெட்டியில் ஒரு இரவு இருந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த கேக் இறுகும். இறுகினால்தான் கத்திக்கு அடங்கும்.

முதல் உருவத்துக்கு அச்சுகூட வேண்டாம். இதய வடிவம் செய்து பாருங்கள். 8 அங்குலச் சதுர கேக் ஒன்று, 8 அங்குல வட்ட கேக் ஒன்று எடுங்கள். சதுரத்தின் ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். வட்டத்தை நடுவில் இரண்டாக வெட்டுங்கள். சதுரத்தின் மேல் பக்கம் இரண்டிலும் ஆளுக்கொரு அரைவட்டத்தை ஒட்டுங்கள். இதயம் வந்துவிட்டது! சதுரத்தின் பக்கமும் வட்டத்தின் குறுக்களவும் ஒன்றாக இருப்பதால் கச்சிதமாகப் பொருந்துகிறது. முதலில் காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். காகிதத்துக்குக் காசு குறைவு.

அடுத்தது பொம்மை கேக். குழிவான கிண்ணத்தில் கேக் சுட்டுக் கவிழ்த்தால் அதுதான் பாவாடை. நடுவில் குழி எடுத்துப் பொம்மையை நிறுத்துவார்கள். பொம்மையின் காலில் உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளைச் சுற்ற வேண்டும். எனக்கு அந்த கேக் அவ்வளவாகப் பிடிக்காது. எல்லாக் கடையிலும் அதே பொம்மை. ஆனால் கை பழக அதைவிட நல்ல கேக் கிடையாது. பாவாடை முழுவதும் பூ வைத்தால் ஒரே நாளில் நூறு பூ போடப் பழகிவிடும்.

கார், யானை, வீடு செதுக்கும்போது படம் வரைந்து பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். சீவிய துண்டுகளை எறியாதீர்கள். கிரீமோடு பிசைந்தால் களிமண் போல ஆகும். யானைக்குக் காதும் மூக்கும் அதில் பிடிக்கலாம்.

மேல் பூச்சு

செதுக்கிய கேக்கில் தூள் உதிரும். நேரே கிரீம் பூசினால் தூள் எல்லாம் மேலே வரும். அதனால் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று. அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில். பிறகு கனமான பூச்சு. சுவருக்கு முதலில் கரடுமுரடாகப் பூசி, பிறகு வழவழப்பாகப் பூசுகிறோம் அல்லவா? அதே முறைதான்.

பூ போட நாசில் வேண்டும். அது கூர்முனையுள்ள சிறிய தகரக் குழாய். கூம்பின் நுனியில் அதைப் பொருத்திக் கிரீமைப் பிதுக்குவார்கள். மருதாணிக் கூம்பு பிடித்த கை என்றால் பாதி வேலை முடிந்தது. எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பெண் கல்யாண வீடுகளில் மருதாணி போடுபவர். கேக் வகுப்பில் முதல் நாளே அவர் கோடு நேராக வந்தது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. எவர்சில்வர் தட்டின் பின்புறத்தில் பழகுங்கள். வழித்து எடுத்து மறுபடி போடுங்கள்.

ஃபாண்டன்ட் என்பது சர்க்கரை மாவு. சப்பாத்தி போலத் தேய்த்து கேக்கைப் போர்த்துவார்கள். பொம்மையும் பிடிப்பார்கள். இதற்குப் பெரிய எதிரி ஈரக் காற்று. குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் கேக்கும் அப்படித்தான் வியர்க்கும். பிசுபிசுக்கும். நிறம் வழியும். மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற கடற்காற்று ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். அதனால் ஃபாண்டன்டுக்கு அடியில் பால் கிரீம் பூச மாட்டார்கள். அது குளிர்ப்பெட்டி இல்லாமல் நிற்காது. வெண்ணெய் கிரீம் பூசுவார்கள். அல்லது சாக்லேட்டும் கிரீமும் சேர்த்த கலவையைப் பூசுவார்கள். வெயில் ஊரில் 2 பங்கு கறுப்புச் சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம். அது இறுகி நிற்கும்.

தூண்

இப்போது அடுக்குக்கு வருவோம். 9 அங்குல கேக் மேல் 6 அங்குல கேக் வைக்க வேண்டும். அப்படியே வைத்தால் மேல் கேக் மெல்லக் கீழே அமிழும். கீழ் கேக் பக்கவாட்டில் பிதுங்கும்.

என்ன செய்வார்கள்? மேல் கேக்கை அதே அளவுள்ள அட்டையில் வைப்பார்கள். கீழ் கேக்கில் 6 அங்குல வட்டம் குறிப்பார்கள். அந்த வட்டத்துக்குள் 4 அல்லது 5 குச்சிகளை நேராக இறக்குவார்கள். உணவுக்கு ஏற்ற மரக்குச்சி அல்லது கெட்டியான பிளாஸ்டிக் குழல். குச்சி அடிப்பலகையைத் தொட வேண்டும். மேலே கேக்கின் மட்டத்தோடு நிற்க வேண்டும். கேக் 4 அங்குலம் என்றால் குச்சியும் 4 அங்குலம். எல்லாக் குச்சியும் ஒரே அளவு. ஒன்று குட்டையானால் மேல் அடுக்கு சாயும்.

இப்போது சுமை எங்கே போகிறது? மேல் கேக்கின் எடை அட்டையில் இறங்கும். அட்டையிலிருந்து குச்சிக்கு. குச்சியிலிருந்து அடிப்பலகைக்கு. கீழ் கேக் யாரையும் சுமக்கவில்லை. தூணைச் சுற்றி அது சும்மா நிற்கிறது! மாடி வீட்டைச் செங்கல் சுவரா தாங்குகிறது? தூண் இருந்தால் தூண்தான் தாங்கும். நான்கு அடுக்கின் ரகசியம் இவ்வளவுதான்.

சர்க்கரைப் பூவுக்குக் கம்பிக் காம்பு இருக்கும். கம்பியை நேரே கேக்கில் குத்தக் கூடாது. சிறிய உறிஞ்சு குழலைச் செருகி அதற்குள் கம்பியை விட வேண்டும்.

நிறம்

சிவப்பு கேக் கேட்பவர்கள் அதிகம். 2024இல் கர்நாடகத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்தது. 12 மாதிரிகள் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. காரணம், செயற்கை நிறங்கள். ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் வகைகள் அதில் இருந்தன. கேக்கை அதிகம் சாப்பிடுவது குழந்தைகள். உணவு நிறம் என்று அச்சிட்ட புட்டியையே வாங்குங்கள். தேதியைப் படியுங்கள். எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் படியுங்கள். பொட்டலத்தில் கட்டித் தரும் பொடி வேண்டாம். இளஞ்சிவப்பு போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கூலிக் கணக்கு

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காகச் சொல்லும் தொகைதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கேக்குக்குப் பொருள் 350 ரூபாய். எரிவாயு, மின்சாரம் 40. பலகை, பெட்டி 60. மொத்தம் 450. கடையில் 700 ரூபாய்க்கு விற்கிறார்களே என்று நீங்களும் 700க்குக் கொடுக்கிறீர்கள். மிச்சம் 250. உருவம் செதுக்க 6 மணி நேரம் ஆயிற்று என்றால் மணிக்கு 42 ரூபாய்கூட இல்லை. கடைக்காரர் ஒரே நேரத்தில் பல கேக் சுடுகிறார். நீங்கள் ஒன்றுதான் செய்கிறீர்கள். அதனால் சாதா கேக்குக்கு ஒரு விலை, உருவ கேக்குக்கு வேறு விலை என்று எழுதி வையுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். சொந்தக்காரர்களிடமும் வாங்குங்கள். அங்கேதான் கணக்கு உதைக்கும்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு வேண்டும். பொதுச் சேவை மையத்தில் விண்ணப்பம் போட உதவுவார்கள். பயிற்சிக்கு மாவட்டத்தில் உள்ள ஜன் சிக்ஷண் சன்ஸ்தானைக் கேளுங்கள். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கும் அங்கே தொழில் சொல்லித் தருகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைக் கேட்கலாம். அங்கே பயிற்சி இலவசம். எல்லா ஊரிலும் கேக் வகுப்பு இருக்காது. விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேக் ஆட்டோவில் போகும்போது மடியில் வைக்காதீர்கள். மடி சாய்வானது. கால் வைக்கும் மட்டமான இடத்தில் வையுங்கள். பெட்டிக்கு அடியில் வழுக்காத துணி போடுங்கள். மேல் அடுக்கைத் தனியே கொண்டுபோய் அங்கே ஏற்றுவது இன்னும் நல்லது.

கொடுக்கும்போது பெட்டியின் மேல் உங்கள் கையால் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டுங்கள். இப்படி எழுதலாம்:

"முட்டை சேர்த்தது. உள்ளே குச்சி 5. பூவில் கம்பி 7. வெட்டும் முன் எல்லாவற்றையும் எண்ணி எடுக்கவும். மேல் அடுக்கை முதலில் இறக்கவும். குழந்தைகளிடம் பூவைக் கொடுக்க வேண்டாம்."