லேப்ராஸ்கோப்பியா, ஓப்பனா? கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

கல்லீரல் புற்றுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, "லேப்ராஸ்கோப்பியிலேயே செய்துவிடலாமா டாக்டர்?" என்பதுதான். சிறு தழும்பு, குறைந்த வலி, சீக்கிரம் வீடு. ஆசை நியாயமானதே, ஆதாரமும் இருக்கிறது. நார்வேயின் ஆஸ்லோவில் 280 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களில் 31 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. லேப்ராஸ்கோப்பியில் 19 சதவீதம்தான். மருத்துவமனையில் தங்கிய நேரமும் 96 மணியிலிருந்து 53 ஆகக் குறைந்தது. உயிர் வாழ்ந்த காலம் மட்டும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் அவர்களுக்கு இருந்தது பெருங்குடலிலிருந்து பரவிய புற்று. கல்லீரலிலேயே தோன்றும் புற்றின் கதை வேறு. ஹெபடைடிஸ் பி, சி, மது, கொழுப்பு இவற்றால் ஏற்கெனவே சுருங்கி இறுகிய கல்லீரலில்தான் அது பெரும்பாலும் வரும். அங்கே தழும்பின் நீளத்தைவிட, வெட்டியபின் எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்பதே உயிர்க்கேள்வி. சிர்ரோசிஸ் எனப்படும் இந்த இறுக்கம் உள்ளவருக்குச் சுமார் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பார்கள். ஓரத்தில் இருக்கும் சிறு கட்டிக்கு, குறிப்பாக இடது ஓரத்துக் கட்டிக்கு, லேப்ராஸ்கோப்பி நன்றாகப் பொருந்தும். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டிக்கு ஓப்பனே பாதுகாப்பாக இருக்கலாம். உங்களுக்கு அறுவை செய்யப்போகும் மருத்துவர் லேப்ராஸ்கோப்பி முறையில் எத்தனை கல்லீரல் அறுவை செய்திருக்கிறார், எத்தனை முறை பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது என்று தயங்காமல் கேளுங்கள். பாதியில் திறப்பது தோல்வி அல்ல. ரத்தப்போக்கு கட்டுக்கடங்காதபோது அதுவே உயிரைக் காக்கும்.

பாதியில் திறக்க நேரலாம் என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நம் வீடுகளிலோ நோயின் பெயரையே மறைத்துவிட்டு, படிவத்தில் மகன் கையெழுத்துப் போடுகிறார். இது அன்பினால் நடக்கும் அநீதி. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையை, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கி அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. நினைவோடும் தெளிவோடும் இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதம் அவருடையதாகவே இருக்க வேண்டும். உயிர் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு. பலன், ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் என்ன ஆகும் என்பதை அவருக்குப் புரியும்படி விளக்குவது மருத்துவரின் கடமை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமை. ஸ்கேன் அறிக்கை உள்ளிட்ட ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லாமலோ அலட்சியத்தாலோ தீங்கு நேர்ந்திருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அதற்குக் கெடு இரண்டு ஆண்டுகள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே இழப்பீடு கேட்க உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது.