பழைய கார் வாங்கலாமா?

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கார் என்றால் அது செல்வந்தர் வீட்டு வாசலில் நிற்பது என்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர். அம்பாசடரும் பியட்டும் மட்டுமே சாலைகளில் ஓடிய காலத்தில் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது. 1983 டிசம்பரில் குர்காவன் தொழிற்சாலையிலிருந்து மாருதி 800 வெளிவந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. அரசு அலுவலரும் ஆசிரியரும் கார் வாங்கினர். அவர்கள் ஓட்டி முடித்த கார்கள் இரண்டாம் கை, மூன்றாம் கையாக இன்று சிறு வியாபாரிகளையும், நம் ஆரணிப் பகுதி நெசவாளர்களையும் தேடி வருகின்றன. ஏன், மாணவர் விடுதியில்கூட "ஒரு பழைய காரை நாம் சேர்ந்து வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுவதை நாம் கேட்கிறோம்.

ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் மாட்டுச் சந்தைக்குப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்குவதில்லை. புடவையை வாங்குகிறவர் மறுபுறம் திருப்பிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. காருக்கும் அப்படிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. எங்கள் தெருவில் தறி நெய்யும் நான்கு குடும்பத்தார் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்க எண்ணினர். கல்லூரியில் படிக்கிற பிள்ளை என்பதால், சட்டத்தையும் விலையையும் விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர்கள் திரட்டியிருந்தது பல மாதக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணம். ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் அறிந்துகொண்டவை நம் மாணவ நண்பர்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

முதலில் தேவை

ஆரணி நகருக்குள் ரயில் இல்லை. 'ஆரணி சாலை' என்னும் நிலையம் களம்பூரில் இருக்கிறது. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை எங்கு போவதானாலும் பேருந்தே துணை. நெய்த புடவையை முதலாளியிடம் சேர்க்கவும், பட்டும் ஜரிகையும் வாங்கி வரவும் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் மொபெட்டையே நம்பியிருக்கின்றனர். ஓசூரில் 1980 முதல் தயாராகி வந்த டி.வி.எஸ். 50 வண்டியின் வழிவந்த எக்ஸ்.எல். மொபெட் இல்லாத நெசவாளர் தெருவே கிடையாது எனலாம்.

மொபெட்டுக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் கூரை இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பட்டுப் புடவை பழைய விலைக்குப் போகாது. சாயம் கசிந்தால் மாதக் கூலியே போய்விடும். வயதான பெரியவரை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும் மொபெட் உதவாது. எனவே கார் வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரில் ஆடம்பரம் அல்லாத காரணங்களும் உண்டு.

மாதத்துக்கு ஓரிரு முறைதான் இத்தேவை என்றால் வாடகைக் காரே சிக்கனம். வாரம் இருமுறையாவது தேவைப்பட்டால்தான் சொந்தக் காரைப் பற்றி எண்ண வேண்டும்.

செலவுக் கணக்கு

"யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அஞ்சலாமா?" என்பார்கள். பழைய காரில் விலை யானை என்றால் பராமரிப்பே அங்குசம். மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 25 லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால் மாதம் 2,500 ரூபாய். ஆண்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். வரியுடன் சுமார் 2,500 ரூபாய். அதே கட்டணத்தில் 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய். சிறிய எஞ்சினைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதிய காரணம். டயர், பேட்டரி, ஆயில், பழுதுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

மொத்தம் ஆண்டுக்கு 44,500 ரூபாய். மாதம் ஏறக்குறைய 3,700 ரூபாய். இதில் காரின் விலை சேரவில்லை. ஒரு குடும்பம் தனியே சுமந்தால் பாரம். நான்கு குடும்பம் பகிர்ந்தால் தலைக்கு 930 ரூபாய்க்குள் அடங்கும். அதே 400 கிலோமீட்டரை லிட்டருக்கு 50 கொடுக்கும் மொபெட் 800 ரூபாய் பெட்ரோலில் முடித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கையில் ஒரு லட்சம் இருந்தால் எழுபதாயிரத்துக்கு மேல் கார் பார்க்கக்கூடாது. மீதி முப்பதாயிரம் பெயர் மாற்றத்துக்கும், காப்பீட்டுக்கும், முதல் மாதத்தில் வெளிப்படும் பழுதுக்கும் வேண்டியிருக்கும்.

எந்தக் கார்?

ஓட்டுவதில் இன்பம் என்பது எஞ்சினின் பருமனால் மட்டும் வருவதன்று. திறனை எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். மாருதி 800க்கு 796 சி.சி. எஞ்சின், திறன் ஏறத்தாழ 37 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 650 கிலோ. ஆயிரம் கிலோவுக்குக் கணக்கிட்டால் 57 குதிரைத்திறன். பழைய அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கு ஏறத்தாழ 50 குதிரைத்திறன். எடையோ 1100 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு 45தான். சின்ன வண்டி சந்தில் துள்ளிப் போவதற்கும், பெரிய வண்டி பெருமூச்சு விடுவதற்கும் காரணம் இதுவே.

ஆயினும் 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. மிகக் கடைசியாக வந்த வண்டிக்கும் வயது பத்தைக் கடந்துவிட்டது. 2000த்தில் வந்த ஆல்டோ அதே 796 சி.சி. குடும்பத்தைச் சேர்ந்தது, 2012இல் ஆல்டோ 800 என்று புதிய உருவம் பெற்றது. உதிரிப் பாகம் சிற்றூரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ உயரமான கூரை கொண்டது. முதியோர் குனியாமல் ஏறலாம். 2009இல் வந்த டாட்டா நானோவின் விலை இன்று மலிவு. ஆனால் 2018இல் உற்பத்தி நின்றதால் பாகங்களைத் தேட வேண்டும். டீசல் கார் வேண்டாம் என்பதே என் கருத்து. மாதம் 400 கிலோமீட்டர் ஓடுவோருக்கு எரிபொருளில் மிச்சமாவது, ஒருமுறை இன்ஜெக்டர் பழுதானால் போய்விடும்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் எரியாற்றல் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். மிகப் பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கலாம். பெட்ரோல் குழாயை விரலால் மடக்கிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஆவணம் முதல், வண்டி பிறகு

பதிவுச் சான்றைக் காட்டாத விற்பவரிடம் வண்டியைப் பார்க்கவே வேண்டாம். சான்றிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்ததுடன் ஒத்திருக்க வேண்டும். கடன் இருப்பதாகப் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான 35ஆம் படிவமும் நிதி நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். செலுத்தாத அபராதம், காப்பீடு ஆகியவற்றை அரசின் 'பரிவாகன்' இணையத்தில் எண்ணைக் கொடுத்தே பார்த்துவிடலாம்.

தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி வேறு. ஆகவே 'பதினான்கு வயது, மிக மலிவு' என்றால், அடுத்த ஆண்டின் செலவையும் விலையுடன் கூட்டிப் பார்க்க வேண்டும். டில்லியிலிருந்து வந்த மலிவான வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. தடையில்லாச் சான்று, மறுபதிவு, நம் மாநில வரி எல்லாம் சேர்ந்து மலிவை விழுங்கிவிடும்.

பெயர் மாற்றத்தில் அலட்சியம் கூடாது. 29, 30ஆம் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தர வேண்டும். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. விற்பவரின் நலமும் இதில் அடங்கியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னால் அவரும் உடன் வருவார். பலர் சேர்ந்து வாங்கினாலும் பதிவு ஒருவர் பெயரில்தான் இருக்கும். பங்கு விவரத்தை எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நட்பைக் காக்கும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐந்து சோதனைகள்

ஒன்று: பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளிலும் கீழ் விளிம்புகளிலும் நகர்த்துங்கள். இரும்பில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவும். நம் ஆய்வகக் காந்தத்துக்கு இதைவிட நல்ல பயன் உண்டோ? கால்மிதி விரிப்பைத் தூக்கித் துருவையும், ஸ்டெப்னி டயரின் குழியில் ஈரத்தையும் பாருங்கள்.

இரண்டு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாம் போகும்போதே பானட் சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று கொள்க. புகை நீலமானால் ஆயில் எரிகிறது. கருமையானால் பெட்ரோல் மிகுதி. சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல் படிந்திருந்தால் அதே சந்தேகம் வலுக்கும்.

மூன்று: டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயர் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ, அதன் பின்னே பழைய விபத்தோ காரணமாகலாம்.

நான்கு: கிளட்ச். கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் நலம். தொடர்ந்து ஓடினால் தேய்ந்துவிட்டது.

ஐந்து: கடைத்தெரு நெரிசலிலும், ஆற்காடு செல்லும் சாலையின் வேகத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்டியரிங் நடுங்குகிறதா? முடிவில் நமக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துக் காட்டிவிட்டால், பல ஆயிரம் மிச்சமாகலாம்.

வேகமும் உயிரும்

புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. நாம் வாங்கும் பழைய சிறு கார்களில் அது இருக்காது என்றே கொள்ள வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று முதலாண்டிலேயே படித்தோம். 40இல் போகிறவன் 80க்கு உயர்த்தினால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 650 கிலோ எடையுள்ள மெல்லிய தகட்டு வண்டி நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கு ஏற்றதன்று. அதன் இன்பம் நம் ஊர்ச் சாலைகளில், சீட் பெல்ட் அணிந்து, அறுபதுக்குள் போவதில்தான் இருக்கிறது.

முடிவாக

எங்கள் தெருப் பெரியவர்களிடம் நான் சொன்னது இதுதான்: பதினைந்து ஆண்டு நிரம்ப இன்னும் மூன்று ஆண்டாவது மீதியுள்ள, ஒரே கையில் இருந்த சிறிய பெட்ரோல் கார் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் காத்திருக்கலாம். கடன் வாங்கி மட்டும் வாங்கலாகாது. வண்டியின் விலை நாளுக்கு நாள் இறங்கும், வட்டியோ ஏறும். தறியை அடகு வைத்து வாங்கிய காரில் புடவை ஏற்றிப் போக முடியாது.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரத்தை அடுத்தே 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தை வைத்தார். பொருளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, நம் பையின் வலிமையையும் அறிய வேண்டும் என்பது கார் வாங்குவோருக்கும் பொருந்தும். இரண்டையும் அறிந்து வாங்குகிற மாணவன், பழைய காரிலும் புதிய இன்பம் காண்பான்.