கரியும் எலும்பும் சொல்லும் சேதி

"ஐயா, சாப்பிட்டதெல்லாம் மக்கிப் போயிருக்குமே, எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. நெருப்பில் கருகிய விதை எளிதில் மக்காது. தோண்டிய மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் அது மிதக்கும். சலித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எலும்பில் கல்லாயுதம் கீறிய தடம் இருந்தால் மனிதர் அறுத்தது. கூரிய பல் தடம் இருந்தால் விலங்கு கடித்தது.

சரவாக் நியா குகையில் காட்டுப்பன்றி எலும்புகளோடு கெப்பாயாங் கொட்டையின் எச்சங்களும், சாம்பல் நிறைந்த குழிகளும் கிடைத்தன. கெப்பாயாங்கைப் பச்சையாகத் தின்றால் நஞ்சு. வேகவைத்துச் சாம்பலில் புதைத்தால் நஞ்சு நீங்கும். இந்தப் பக்குவம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மாணவர்களே, தேர்வில் 'எலும்பு கிடைத்தது' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது எதைக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள்.