திருப்பி மடித்த மடிக்கணினியும் திணறும் தொடுதிரையும்

திரையை முதுகுப்புறமாக முழுவதும் திருப்பி மடித்து, டேப்லெட் போலக் கையில் ஏந்திப் பயன்படுத்தத்தக்க மடிக்கணினிகள், 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 இயங்குதளத்தோடு லெனோவோ யோகா போன்ற மாதிரிகள் வெளிவந்த பின்னர்ப் பரவலாயின. இவற்றில் திரை திரும்ப மறுப்பது, விரித்த பிறகும் விசைப்பலகை உயிர்பெறாமல் கிடப்பது, விரல் படாமலேயே செயலிகள் திறந்துகொள்வது ஆகிய கோளாறுகள் எல்லாம் பயனருக்கு ஒரே நோயின் அறிகுறிகளாகத் தோன்றினாலும், அவை இரு வேறு இடங்களில் பிறப்பவை. கருவி எந்த நிலையில் மடிந்திருக்கிறது என்பதை அறியும் பகுதி ஒன்று. விரல் எங்கே படுகிறது என்பதை அறியும் பகுதி மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பாராமல் பழுதுபார்க்கப் புகுவதால், குறையில்லாத திரையைக் கழற்றி மாற்றும் பெருஞ்செலவுகூட நேர்ந்துவிடுகிறது.

முதற்பகுதியின் வேலை நுட்பமானது. பல மாதிரிகளில் திரைப்பகுதியில் ஒன்றும் அடிப்பகுதியில் ஒன்றுமாக இரண்டு முடுக்கமானிகள், அதாவது புவியீர்ப்பு எத்திசையில் இழுக்கிறது என்பதை அளக்கும் சிறு சில்லுகள், பொருத்தப்பட்டுள்ளன; இரண்டும் காட்டும் திசைகளின் வேறுபாட்டைக் கொண்டு கீல் எவ்வளவு விரிந்துள்ளது என்று கருவி கணக்கிட்டு, திரை முழுவதும் விரிந்து பின்புறம் மடியத் தொடங்கியதும் விசைப்பலகையை முடக்குகிறது. கருவியைப் புத்தகம் போலச் செங்குத்தாகப் பிடிக்கும்போது கீலின் அச்சும் புவியீர்ப்பின் திசையும் ஒன்றாகிவிடுவதால், இக்கணக்கு நம்பத்தகாததாகிவிடுகிறது. அந்நிலையில் கருவி தடுமாறினால் அதை மேசைமேல் வைத்து ஒருமுறை முழுவதும் மூடித் திறப்பதே போதுமானதாகலாம். மூடி சாத்தப்பட்டதை அறிவதற்குப் பல கருவிகளில் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் பயன்படுகிறது; காந்தம் வைத்த கைப்பேசி உறையோ, அடியில் அடுக்கிய மற்றொரு மடிக்கணினியோ இதனை ஏமாற்றித் திரையை அணைத்துவிட வல்லவை என்பதால், அவற்றை விலக்கிப் பார்ப்பது முதற்சோதனையாக அமைய வேண்டும்.

கோளாறே அல்லாத சிலவும் கோளாறாக எண்ணப்படுகின்றன. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் டேப்லெட் முறைக்கெனத் தனிப் பொத்தான் இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அதை நீக்கிவிட்டு, மடித்தவுடன் தானே மாறும் ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டதால், அதில் அப்பொத்தானைத் தேடுவது வீண். திரை சுழல்வதைத் தடுக்கும் ரொட்டேஷன் லாக், கருவி மடிக்கணினி நிலையில் இருக்கும்போது மங்கிக் காணப்படுவதும் இயல்பானதே.

தொடுதிரையின் இயக்கம் மின்னேற்றத்தைச் சார்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் கண்ணாடிக்கு அடியில் வலைபோல் பின்னப்பட்டிருக்க, விரல் நெருங்கும் இடத்தில் ஏற்படும் மிகச்சிறிய மின்மாற்றத்தைக் கொண்டு அதன் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. அவ்வளவு நுண்ணிய அளவீட்டில் ஈரமும், காற்று புகுந்த ஸ்க்ரீன் கார்டும், சார்ஜர் வழியே நுழையும் மின்னிரைச்சலும் பொய்த்தொடுகையாகப் பதிவாகக்கூடும். எனவே, திரை தானாக இயங்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தொல்லை அத்தோடு நின்றுவிட்டால், பழுதைச் சார்ஜரிலோ, எர்த் இணைப்பு சரியில்லாத மின்செருகியிலோ தேட வேண்டுமேயன்றித் திரையில் அன்று.

தொடுதல் அறவே நின்றுபோனால், வன்பொருளையும் இயங்குதளத்தையும் இணைக்கும் மென்பொருளான டிரைவர் மீது ஐயம் கொள்வது தகும். இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எனும் வசதி இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே மீட்கப்படுவதால், சிக்கிய டிரைவர் சிக்கியபடியே திரும்பி வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பலமுறை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று சலித்தவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் இணங்காவிடில், டிவைஸ் மேனேஜரில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற தலைப்பின்கீழ் டச் ஸ்க்ரீன் எனக் குறிக்கப்பட்டுள்ளதை முடக்கி மீண்டும் இயக்க வேண்டும்.

சில மாதிரிகளில் இயங்குதளம் ஏறுவதற்கு முன் தோன்றும் பயாஸ் அமைப்புத் திரையிலும் தொடுதல் வேலை செய்யும். அத்தகைய கருவியில், அங்கே விரலுக்கு இணங்கும் திரை விண்டோஸில் மட்டும் இணங்கவில்லை என்றால் பழுது மென்பொருளைச் சார்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். கீலை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைக்கும்போது மட்டும் தொடுதல் அறுபடுமானால், கீலின் வழியே செல்லும் கம்பி தேய்ந்திருக்கக்கூடும். அடிப்பகுதி புடைத்தோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ காணப்பட்டால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்புண்டு. அது தீ விபத்துக்கு இடம்தரும் நிலையாதலால், மேற்கூறிய சோதனைகள் எவற்றிலும் இறங்காமல், சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்திக் கருவியை அணைத்து, அழுத்தாமல் பழுதுபார்ப்பவரிடம் சேர்த்துவிட வேண்டும்.